மாண்பு காக்கும் குளியலறை

உரைநடை உலகம்

வீட்டிலுள்ள அறைகளில் மிகச் சிறியது குளியலறை. ஒருவர் பிறர் துணையின்றித் தம் நாளைத் தொடங்க இயலுமா என்பதை அச்சிறிய அறையே முடிவு செய்கிறது. கட்டடம் எழுப்புவோர் இறுதியாக நினைக்கும் இடம் அது. முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் நாள்தோறும் முதலில் அஞ்சும் இடமும் அதுவே. அந்த அச்சத்தைப் போக்கும் அறிவும் வழியும் நம்மிடம் உள்ளன. அவற்றை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

தறியும் புழக்கடையும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களிலும், காஞ்சிபுரத்தை நோக்கி அமைந்த வெம்பாக்கம் வட்டாரத்திலும் பட்டுநெசவு குடும்பத்தொழிலாக நிலைபெற்றுள்ளது. நெசவாளர் வீட்டில் காற்றும் வெளிச்சமும் மிகுந்த கூடம் தறிக்கு உரியது. சமையலும் உறக்கமும் எஞ்சிய இடத்தில் நிகழ்கின்றன. குளிக்கும் இடமும் கழிப்பறையும் பல வீடுகளில் புழக்கடையின் கோடியில் ஒதுங்கிக் கிடக்கின்றன. அங்கே செல்ல ஒரு நிலைப்படியைத் தாண்டவேண்டும். இரண்டு படிகள் இறங்கவேண்டும். ஈரம் படிந்த முற்றத்தைக் கடக்கவேண்டும்.

குழித்தறியில் அமரும் நெசவாளர் குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு மிதிகளை மாறி மாறி மிதிக்கிறார். பாவினூடே நாடா ஓடுகிறது; கை அச்சை இழுத்து அடிக்கிறது. இந்த இயக்கம் நாள் முழுவதும், ஆண்டுகள் பலவாகத் தொடர்கிறது. அதற்கேற்பத் தறியும் அமைக்கப்படுகிறது. குழியின் ஆழம், அமரும் பலகையின் உயரம், மிதியின் தொலைவு ஆகிய அனைத்தும் நெய்பவரின் உடலுக்குப் பொருந்தவேண்டும். பொருந்தாத தறியில் எவரும் நெய்வதில்லை.

உழைக்கும் இடத்தை உடலுக்கு ஏற்ப அமைக்கத் தெரிந்தவர்கள் நாம். அதே உடல் மூப்படைந்து, முழங்கால் மடங்க மறுத்து, கை நடுங்கும் காலத்தில் அது புழங்கும் இடத்தை மட்டும் மாற்றாமல் விட்டுவிடுகிறோம். தறியிடம் நாம் கேட்கும் பொருத்தத்தைக் குளியலறையிடமும் கேட்கவேண்டும். இப்பாடத்தின் அடிப்படைக் கருத்து இதுவே.

இடர் தோன்றும் விதம்

குளியலறையில் இடர்கள் பல ஒன்றுகூடுகின்றன. நீர், சோப்பு, வழுவழுப்பான தரை, குறுகிய இடம், மங்கிய வெளிச்சம், தாழிட்ட கதவு ஆகியவை ஒரே இடத்தில் அமையும் அறை வீட்டில் வேறில்லை. அங்கே செய்யவேண்டிய செயல்களும் எளியவை அல்ல. குனிதல், குந்துதல், எழுதல், திரும்புதல், ஒற்றைக்காலில் நிற்றல் என உடலின் சமநிலையைச் சோதிக்கும் அசைவுகள் அனைத்தும் அங்கே நிகழ்கின்றன.

குந்தி அமரும்போது இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் முழுமையாக மடங்கவேண்டும். எழும்போது தொடைத்தசைகள் உடலின் முழு எடையையும் தூக்கவேண்டும். வயது முதிர முதிரத் தசைகள் வலுவிழக்கின்றன, மூட்டுகள் இறுகுகின்றன. குந்திய நிலையிலிருந்து விரைந்து எழும்போது இரத்த அழுத்தம் சட்டெனக் குறைந்து சிலருக்குத் தலைசுற்றுகிறது. கண்ணின் ஒளியேற்கும் திறன் குறைவதால் வெள்ளைத் தரையில் தேங்கிய நீர் தென்படுவதில்லை. பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவருக்குச் சுவரின் எந்தப் பக்கத்தில் பிடிமானம் உள்ளது என்பதே எழ இயலுமா, இயலாதா என்பதை முடிவு செய்கிறது.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் தவறி விழுவதால் உயிரிழக்கின்றனர் என உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிடுகிறது. அவ்வாறு இறப்போரில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி. உயிர் பிழைப்போருக்கும் இழப்பு சிறிதன்று. இடுப்பெலும்பு முறிந்த முதியவர் பல வாரங்கள் படுக்கையில் கிடக்க நேரிடுகிறது. அதன்பின் முன்போல் நடமாட இயலாதவர் பலர்.

விழுவதைக் காட்டிலும் விழுந்துவிடுவோமோ என்னும் அச்சம் ஓசையின்றித் தீங்கு செய்கிறது. இரவில் கழிப்பறைக்குச் செல்ல அஞ்சும் மூதாட்டி மாலைக்குப்பின் தண்ணீர் அருந்துவதை நிறுத்திக்கொள்கிறார். வெளியூர்ப் பயணத்திற்கு முன் உணவைக் குறைத்துக்கொள்கிறார் ஊன்றுகோல் ஊன்றும் இளைஞர். பள்ளியில் தமக்கேற்ற கழிப்பறை இல்லாத மாணவி காலை முதல் மாலை வரை அடக்கிக்கொள்கிறார். நீர் குறைவதால் சிறுநீர்த்தொற்றும் மலச்சிக்கலும் தொடர்கின்றன. உறவினர் திருமணம், கோயில் திருவிழா, அலுவலகப் பணி என ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு மனிதர் வீட்டுக்குள் சுருங்கிவிடுகிறார். அவர் வெளியே வராததற்குக் காரணம் உடல்குறை என்று ஊரார் கருதுவர். செல்லுமிடத்தில் பயன்படுத்தத்தக்க கழிப்பறை இல்லை என்பதே உண்மையான காரணமாக இருக்கும்.

வேலூர் காட்டிய வழி

ஆரணியிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ள வேலூர், இந்திய மறுவாழ்வு மருத்துவ வரலாற்றில் தனியிடம் பெற்ற நகரம். அவ்வரலாற்றின் நடுவே நிற்பவர் மருத்துவர் மேரி வர்கீஸ். 1925-ஆம் ஆண்டு கேரளத்தின் செராயில் பிறந்த அவர், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். 1954-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நேர்ந்த சாலை விபத்தில் அவரது தண்டுவடம் பாதிக்கப்பட்டு இரண்டு கால்களும் செயலிழந்தன. அப்போது அவர் முப்பது வயதை எட்டாத இளம் மருத்துவர்.

அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அந்நாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளைச் சீராக்கும் அறுவை மருத்துவத்தை வளர்த்துவந்தார். அமர்ந்தபடியே கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்யலாம் என்று அவர் ஊக்கப்படுத்தினார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவ முன்னோடியான ஹோவர்டு ரஸ்கின் நிறுவனத்திலும் பயின்றார். தாயகம் திரும்பி, வேலூர்க் கல்லூரியின் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையை 1963-ஆம் ஆண்டு முதல் வழிநடத்தினார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. 1972-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986-இல் அவர் மறைந்தார்.

மறுவாழ்வு மருத்துவம் நோயைக் குணப்படுத்துவதோடு நின்றுவிடுவதில்லை. நோயாளி தம் வீட்டில் எவ்வாறு வாழ்வார் என்பதையும் அது எண்ணிப்பார்க்கிறது. தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்குக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிப்பறை இருக்கைக்கும் மாறுவது அடிப்படைப் பயிற்சி. அவரது கால்களுக்கு வெப்பம் தெரியாது. ஆகவே, சுடுநீரை ஊற்றும்முன் உணர்ச்சியுள்ள கையால் சோதித்தறியக் கற்கிறார். இருக்கை கடினமாக இருந்தால் தோலில் அழுத்தப்புண் தோன்றும். ஆகவே, மெத்தென்ற இருக்கையின் தேவையை அறிகிறார். விரல் மடங்காத தொழுநோயாளிக்கு உருண்டையான குழாய்த்திருகைத் திருப்ப இயலாது. நீண்ட கைப்பிடி கொண்ட குழாயை அவரால் புறங்கையாலும் முழங்கையாலும் திறக்க இயலும்.

மருத்துவமனையில் ஓராண்டு பயின்ற திறன் வீட்டின் ஒற்றை நிலைப்படியில் தோற்றுப்போகலாம். மருத்துவர் அளிக்கும் மறுவாழ்வைக் கொத்தனாரும் தச்சரும் குழாய்ப் பணியாளரும் சேர்ந்தே நிறைவு செய்யவேண்டியுள்ளது.

யாவர்க்கும் பொதுவான வடிவமைப்பு

கடலுக்கு அப்பாலும் இச்சிந்தனை வளர்ந்தது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்டு மேஸ் சிறுவயதில் இளம்பிள்ளைவாதத்தால் தாக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். கல்லூரியில் படித்த நாளில் அவரது நாற்காலி கழிப்பறை வாயிலில் நுழையவில்லை. மாடிப்படிகளில் பிறர் அவரைத் தூக்கிச் செல்லவேண்டியிருந்தது. கட்டடக் கலை பயின்று பட்டம் பெற்ற அவரே பிற்காலத்தில் 'பொது வடிவமைப்பு' என்னும் கருத்தை உலகிற்கு வழங்கினார். மாற்றுத்திறனாளிக்கெனத் தனிப்பொருள், மற்றவர்க்கு வேறுபொருள் என்று பிரிக்காமல், இயன்றவரை அனைவரும் பயன்படுத்தத்தக்கவாறு முதலிலேயே அமைப்பதே அக்கருத்து.

1997-ஆம் ஆண்டு மேஸும் அவருடன் பணியாற்றிய வல்லுநர்களும் பொது வடிவமைப்பின் ஏழு நெறிகளை வகுத்தனர். எல்லாரும் சமமாகப் பயன்படுத்த இயலுதல், பயன்பாட்டில் நெகிழ்வு, எளிதில் புரிதல், புலனுக்கு எட்டும் தகவல், பிழையைப் பொறுத்துக்கொள்ளும் தன்மை, குறைந்த உடலுழைப்பு, போதிய இடமும் அளவும் ஆகியவையே அவை. இவற்றுள் 'பிழையைப் பொறுத்தல்' என்னும் நெறி குளியலறைக்கு மிக இன்றியமையாதது. மனிதர் கால் தடுமாறுவது இயல்பு. அத்தடுமாற்றம் எலும்புமுறிவில் முடியாதவாறு அறை அமையவேண்டும்.

> தெரியுமா?
> சாய்தளத்தின் சரிவு 1:12 என்று குறிக்கப்படும். அதாவது, 1 செ.மீ. உயரம் ஏறுவதற்கு 12 செ.மீ. நீளம் தேவை. 15 செ.மீ. உயரமுள்ள ஒரு படிக்கு மாற்றாக 180 செ.மீ. நீளமுள்ள சாய்தளம் அமைக்கவேண்டும். இதனினும் செங்குத்தானால் நாற்காலியில் வருபவர் தாமாக ஏறுவது கடினம். இறங்கும்போது கவிழவும் கூடும்.

அளவுகள் பேசும் அன்பு

நல்ல குளியலறையை அமைக்க இரக்கம் மட்டும் போதாது, அளவுகோலும் வேண்டும். சில செ.மீ. வேறுபாடு, ஒருவர் தாமே செயல்படுவதற்கும் பிறரை அழைப்பதற்கும் இடையிலான வேறுபாடாக மாறிவிடும்.

*வாயில்:* சக்கர நாற்காலி நுழையவும், சக்கரத்தைத் தள்ளும் கைகள் உரசாமல் இருக்கவும் வாயிலின் திறப்பு 90 செ.மீ. அகலம் இருப்பது நல்லது. கதவு வெளிப்புறமாகத் திறக்கவேண்டும். அல்லது பக்கவாட்டில் நகரவேண்டும். உள்ளே விழுந்தவரின் உடலே உட்புறம் திறக்கும் கதவை அடைத்துவிடும். உதவிக்கு வந்தவர் வெளியே நின்று தவிக்கும் நிலை அப்போது ஏற்படும். நெருக்கடியில் வெளியிலிருந்தும் திறக்கத்தக்க தாழ்ப்பாள் அமைந்தால் பாதுகாப்பும் தனிமையும் ஒருங்கே கிடைக்கும்.

*தரை:* நீர்பட்டாலும் வழுக்காத சொரசொரப்பான தரை ஓடுகளைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பளபளப்பு அழகாகத் தோன்றும், ஈரமானால் ஆபத்தாகும். நீர் தேங்காமல் வடியும்படி மெல்லிய சரிவு வேண்டும். குளிக்கும் பகுதியிலிருந்து நீர் கழிப்பறைப் பகுதிக்குப் பரவாமல் தடுப்பதும் தேவை. இதற்காக உயரமான திண்டு கட்டினால் அதுவே கால் தடுக்கும் இடமாகிவிடும். தரையின் சரிவும், நீர் வடியும் வாயில் அமைந்த இடமும் சரியாக இருந்தால் திண்டு தேவைப்படாது.

*திரும்பும் இடம்:* சக்கர நாற்காலி முழுவட்டமாகத் திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள இடம் வேண்டும். உள்ளே நுழைந்தவர் திரும்ப இயலாமல் பின்னோக்கியே வெளிவர நேர்ந்தால் அந்த அறை அவருக்குரியது ஆகாது.

*இருக்கை:* கழிப்பறை இருக்கையின் உயரம் தரையிலிருந்து 45 முதல் 48 செ.மீ. வரை இருக்கலாம். இது சக்கர நாற்காலி இருக்கையின் உயரத்திற்கு நெருக்கமானது. இரண்டும் ஒரே மட்டத்தில் அமையும்போது ஒருவர் தம் உடலைத் தூக்காமல் நகர்த்தியே மாறிக்கொள்கிறார். இருக்கையின் ஒரு பக்கத்தில் நாற்காலியை நிறுத்த இடம் விடவேண்டும்.

*கைப்பிடிக் கம்பி:* இருக்கைக்கு ஏறத்தாழ 20 செ.மீ. மேலே, பக்கச்சுவரில் கிடைமட்டமாக ஒரு கம்பி. எழுந்து நிற்கப் பற்றிக்கொள்ளச் செங்குத்தாக ஒரு கம்பி. கை முழுமையாகச் சூழ்ந்து பற்ற 3.5 முதல் 4.5 செ.மீ. வரை விட்டம் பொருத்தமானது. கம்பிக்கும் சுவருக்கும் இடையே 4 அல்லது 5 செ.மீ. இடைவெளி வேண்டும். இடைவெளி கூடினால் தடுமாறும்போது முன்கை அதற்குள் சிக்கிக்கொள்ளும். துண்டு தொங்கவிடும் கம்பியைக் கைப்பிடியாகக் கருதுவது பெரும் ஆபத்து. அது துணியின் எடைக்காகப் பொருத்தப்பட்டது; மனித எடையைத் தாங்காது.

*நீர்:* வாளியும் குவளையும் கொண்டு குளிப்பது நம் வழக்கம். தரையிலுள்ள வாளியிலிருந்து ஒவ்வொரு முறையும் குனிந்து நீர் முகப்பது முதுகுக்கும் சமநிலைக்கும் கேடு. வாளியை உயர்ந்த திண்டின்மீது வைத்து, உறுதியான முக்காலியில் அமர்ந்து குளித்தால் குனியும் தேவை இல்லை. கழுவுவதற்கான நீர், செயல்படும் கைக்கு எட்டும் பக்கத்தில் இருக்கவேண்டும். கழுவு தொட்டியின் கீழே கால்களுக்கு இடம் விட்டால் நாற்காலியில் இருப்பவரும் அருகே வந்து முகம் கழுவலாம்.

*ஒளியும் நிறமும் குரலும்:* படுக்கையிலிருந்து கழிப்பறை வரை செல்லும் வழி முழுவதும் இரவில் சிறுவிளக்கு எரியவேண்டும். சுவர் வெள்ளையானால் கைப்பிடிக் கம்பி அடர்நிறத்தில் இருக்கட்டும். பார்வை மங்கியவரும் அதைக் கண்டறிவார். அழைப்புமணியின் கயிறு தரையிலிருந்து 30 செ.மீ. உயரம்வரை தொங்கவேண்டும். நின்றவருக்கு மட்டும் எட்டும் மணி, விழுந்தவருக்குப் பயன்படாது.

இருக்கும் வீட்டை மாற்றுதல்

மேற்கூறிய அளவுகள் அனைத்தையும் நிறைவேற்ற இடமும் பொருளும் எல்லாரிடமும் இல்லை. தறிக்கே இடம் போதாத வீட்டில் 150 செ.மீ. வட்டத்தை எங்கே வரைவது? முழுமையாக அமைக்க இயலாது என்பதற்காக ஒன்றும் செய்யாமல் இருத்தல் கூடாது. சிறிய மாற்றங்களே பல நேரங்களில் பெரிய விடுதலையைத் தருகின்றன.

முதலில் வழியைச் சீராக்கலாம். கட்டிலிலிருந்து புழக்கடை வரை செல்லும் வழியில் கிடக்கும் மிதியடி, நூற்கூடை, வாளி ஆகியவற்றை அகற்றுவதற்குச் செலவே இல்லை. முற்றத்தின் பாசியைத் தேய்த்துக் கழுவி, நடக்கும் பாதையில் சொரசொரப்பான சிமெண்டுப் பூச்சு பூசலாம். படிகளின் விளிம்பில் மஞ்சள் வண்ணம் தீட்டலாம். வீட்டுக் கதவிலிருந்து கழிப்பறைக் கதவு வரை இடுப்பு உயரத்தில் குழாய்க்கம்பி ஒன்றை அமைத்தால், பார்வையற்றவருக்கு அது வழிகாட்டி; தளர்ந்தவருக்கு அது துணை.

குந்தும் வகைக் கழிப்பறையை இடித்துக் கட்ட இயலாவிடில், நடுவில் துளையுள்ள இருக்கை கொண்ட நாற்காலியை அதன்மேல் நிறுத்தலாம். அதன் கால்கள் அகன்று, அடியில் ரப்பர் பொருத்தப்பட்டிருக்கவேண்டும். குந்துவதையே விரும்பும் முதியவருக்கு இருபுறமும் கைப்பிடி அமைத்தால் எழுவது எளிதாகும். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயைச் சுவருக்குள் ஆழப் பதித்துச் சிமெண்டு பூசினால் உறுதியான கைப்பிடி உருவாகும். சுவர் வலுவற்றதாயின் தரையில் ஊன்றி நிறுத்தலாம். பொருத்தியபின் வலுவான ஒருவர் முழு எடையையும் கொடுத்து இழுத்துப் பார்ப்பது கட்டாயம். முதன்முதலில் அதைச் சோதிப்பவர் முதியவராக இருத்தல் கூடாது.

எந்த மாற்றத்திற்கு முன்பும் செய்யவேண்டிய செயல் ஒன்றுண்டு. பயன்படுத்தப்போகும் மனிதரிடம் கேட்கவேண்டும். எந்தக் கை வலுவானது? எந்த உயரத்தில் கை இயல்பாக நீள்கிறது? எப்போது தடுமாற்றம் தோன்றுகிறது? கம்பியைப் பொருத்தும் நாளில் அவரையே அங்கே அமரச்செய்து, அவர் கை செல்லும் இடத்தில் சுண்ணக்கட்டியால் குறியிடலாம். அந்தக் குறியே அவ்வீட்டிற்குரிய மிகச் சரியான அளவு.

துணை நிற்போரின் கடமை

எல்லா வசதிகளும் அமைந்தபின்னும் சிலருக்குப் பிறர் உதவி தேவைப்படும். அந்த உதவியின் முறையிலும் மாண்பு அடங்கியுள்ளது. பேரனோ மருமகளோ முதியவரைக் குளிப்பாட்டும்போது, செய்யப்போவதை முன்கூட்டிச் சொல்வதும், கழுவாத உடற்பகுதியைத் துணியால் மூடிவைப்பதும், அவரால் செய்ய இயன்றதை அவரையே செய்யவிடுவதும் நற்பண்புகள். முகத்தைத் தாமே கழுவ இயலும் ஒருவரின் முகத்தை விரைவு கருதி நாம் கழுவிவிட்டால், நேரம் மிச்சமாகும். அவரது தன்மதிப்பு குறையும்.

உதவுவோரின் உடலையும் எண்ணிப்பார்க்கவேண்டும். வீடுகளில் இப்பணி பெரும்பாலும் பெண்கள் தோளில் விழுகிறது. குறுகிய அறையில் கனத்த உடலைத் தூக்குவோரின் முதுகும் காலப்போக்கில் சிதைகிறது. ஒரு கைப்பிடிக் கம்பி முதியவருக்கு விடுதலை தருகிறது. அவரைத் தாங்கும் பெண்ணுக்கும் ஓய்வு தருகிறது.

இங்குப் பேச்சுவழக்கிற்கும் பங்குண்டு. கழிப்பறைத் தேவையைச் சொல்ல நாணும் சமூகத்தில் துன்பம் வாய்திறப்பதில்லை. "அம்மா, இரவில் போய்வரச் சிரமமாக உள்ளதா?" என்று மகன் இயல்பாகக் கேட்கும் வீட்டில், விபத்து நேரும்முன்பே மாற்றம் நேரும்.

சலுகையன்று, உரிமை

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2.68 கோடி, 60 வயது நிறைந்தோர் 10 கோடிக்கும் மேல். அக்கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டு மக்கள்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் முதியவராக இருந்தார். ஆகவே, இது சிலருக்கான சிறப்புத் தேவை எனக் கருதுவது பொருந்தாது.

ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை 2006-இல் ஏற்றது. இந்தியா 2007-இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. அதன்வழி உருவான மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. பொதுக் கட்டடங்களில் தடையற்ற சூழலை வலியுறுத்தியது. தூய்மை இந்தியா இயக்கத்தின்கீழ் ஊரகங்களில் கழிப்பறைகள் பெருகிய காலத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கேற்ற வீட்டுக் கழிப்பறை அமைப்பது குறித்த கையேட்டை ஒன்றிய அரசு 2015-இல் வெளியிட்டது.

பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரத்தூரி, பொது இடங்கள் அனைவரும் அணுகத்தக்கனவாக அமையவேண்டும் என்று கோரி 2005-இல் உச்சநீதிமன்றத்தை நாடினார். 2017-இல் நீதிமன்றம் விரிவான ஆணைகளைப் பிறப்பித்தது. 2024 நவம்பரில் வழங்கிய தீர்ப்பில், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருத்தல் கூடாது. கட்டாயம் பின்பற்றவேண்டிய விதிகளை ஒன்றிய அரசு வகுக்கவேண்டும் என்று கூறியது. 2025 சனவரியில் வழங்கிய மற்றொரு தீர்ப்பில், நீதிமன்ற வளாகங்களில் ஆண்கள், பெண்கள், திருநர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குத் தக்க கழிப்பறை அமைக்க ஆணையிட்டது. மாண்புடன் வாழும் உரிமையில் இவ்வசதியும் அடங்கும் என்பதே இதன் உட்பொருள்.

சட்டம் வாயிலைத் திறக்கிறது. நடைமுறை அதை மூடிவிடாமல் காக்கவேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கெனக் கட்டிய கழிப்பறை பூட்டிக் கிடப்பதையும், துடைப்பங்களும் உடைந்த பெஞ்சுகளும் போடும் அறையாக மாறுவதையும் நாம் கண்டிருக்கிறோம். சாய்தளத்தின் முன்னே வண்டியை நிறுத்துவதும் அத்தகைய பூட்டே.

நாளைய நாம்

மூப்பு எல்லாருக்கும் பொது. கால்முறிவு, கருவுற்ற காலம், அறுவைக்குப் பிந்தைய ஓய்வு எனத் தற்காலிகமாகவேனும் பிடிமானம் தேடாத மனிதர் அரியர். இன்று தாத்தாவுக்காகப் பொருத்தும் கம்பியை நாளை அத்தையும், ஒருநாள் நாமும் பற்றுவோம்.

நாளைய பொறியாளர்களும் கட்டடக் கலைஞர்களும் கொத்தனார்களும் ஊராட்சித் தலைவர்களும் இன்று பதினோராம் வகுப்பில் அமர்ந்துள்ளனர். ஒரு வீட்டின் வரைபடத்தைக் காணும்போது, கூடம் எவ்வளவு பெரிது என்று கேட்பதற்கு முன், இவ்வீட்டில் எண்பது வயதுப் பாட்டி எவரையும் அழைக்காமல் குளித்துவிட்டு வர இயலுமா என்று அவர்கள் கேட்கட்டும். ஆம் என்று விடை தரும் வீடே அனைவருக்குமான வீடு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியிலுள்ள கழிப்பறையின் வாயில் அகலம், படியின் உயரம், கதவு திறக்கும் திசை ஆகியவற்றை அளந்தும் கண்டும் எழுதுக. தேவையான மாற்றங்களைக் குறிப்பிட்டுத் தலைமையாசிரியருக்குக் கடிதம் வரைக.
2. உங்கள் வீட்டில் அல்லது தெருவில் உள்ள முதியவர் ஒருவரிடம் இசைவு பெற்று, அவர் அன்றாடம் எதிர்கொள்ளும் இடர்களைக் கேட்டறிந்து, பெயர் குறிப்பிடாமல் வகுப்பில் உரையாடுக.

பாடநூல் வினாக்கள்

பலவுள் தெரிக

1. 30 செ.மீ. உயரத்தைக் கடக்க 1:12 சரிவில் அமையும் சாய்தளத்தின் நீளம்
அ) 120 செ.மீ. ஆ) 180 செ.மீ. இ) 300 செ.மீ. ஈ) 360 செ.மீ.

2. தடுமாற்றம் பெருந்தீங்கில் முடியாதவாறு அறையை அமைத்தல் என்பது பொது வடிவமைப்பின் எந்நெறி?
அ) பயன்பாட்டில் நெகிழ்வு ஆ) பிழையைப் பொறுத்தல் இ) எளிதில் புரிதல் ஈ) குறைந்த உடலுழைப்பு

குறுவினா

1. குளியலறைக் கதவு வெளிப்புறமாகத் திறக்கவேண்டியதன் காரணம் யாது?
2. துண்டு தொங்கவிடும் கம்பியைக் கைப்பிடியாகப் பயன்படுத்தக் கூடாது. ஏன்?

சிறுவினா

1. விழுந்துவிடுவோமோ என்னும் அச்சம் முதியோர் வாழ்வைச் சுருக்கும் விதத்தை விளக்குக.
2. மருத்துவர் மேரி வர்கீஸின் பணிகளைத் தொகுத்து எழுதுக.

நெடுவினா

'தறியிடம் நாம் கேட்கும் பொருத்தத்தைக் குளியலறையிடமும் கேட்கவேண்டும்.' பாடப்பகுதியைக் கொண்டு இக்கருத்தை நிறுவுக.

கலைச்சொல் அறிவோம்

பொது வடிவமைப்பு – யுனிவர்சல் டிசைன்
கைப்பிடிக் கம்பி – கிராப் பார்
சாய்தளம் – ரேம்ப்
சக்கர நாற்காலி – வீல்சேர்
மறுவாழ்வு மருத்துவம் – ரிஹாபிலிடேஷன் மெடிசின்